ஆண்ட்ரோமீடாவின் வேகத்தை அளந்தவர்

கார்த்திகை மாதத்து முன்னிரவில், தெருவிளக்கு இல்லாத ஒரு இடமாகப் பார்த்து நின்று அண்ணாந்து பாருங்கள். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து போடும் பெரிய சதுரம் உச்சிப் பக்கம் தெரியும். அதன் வடகிழக்கு மூலையைத் தாண்டி வடக்கே கொஞ்சம் கண்ணை ஓட்டினால், பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி மங்கலாக ஒரு திட்டு. அதுதான் ஆண்ட்ரோமீடா. நம் பால்வீதியைப் போலவே இன்னொரு பால்வீதி. சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. பெரிய கேலக்ஸிகளில் நமக்குப் பக்கத்து வீடு அதுதான்.

அந்தப் பக்கத்து வீடு நின்ற இடத்தில் நிற்கவில்லை. சூரியனிலிருந்து கணக்குப் பார்த்தால் வினாடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு இரண்டரை வினாடி! இந்த வேகத்தை முதலில் அளந்தது யார் என்று இயற்பியல் படித்த நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் ஹப்பிள் என்பார்கள். பாடப்புத்தகம் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது.

அளந்தவர் பெயர் வெஸ்டோ மெல்வின் ஸ்லைஃபர். வானியல் துறைக்காரர்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த பெயர். துறைக்கு வெளியே வந்துவிட்டால் மட்டும் எப்படியோ காணாமல் போய்விடுகிறது. அவர் கதையை இந்த மலரில் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் பெரிய பல்கலைக்கழகத்து மேதை இல்லை, பெரிய டெலஸ்கோப்பும் அவரிடம் இல்லை. நம்மில் பலரைப் போல, ஒரு வாத்தியார் கைதூக்கிவிட்டு மேலே வந்தவர்.

1875ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மல்பெரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பண்ணை வேலை செய்து உரமேறிய உடம்பு. பள்ளி முடித்ததும் கொஞ்ச நாள் கிராமப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். 21 வயதுக்கு மேல்தான் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே வில்பர் காக்ஷல் என்ற பேராசிரியர் இவரைக் கவனித்தார். காக்ஷல் அதற்கு முன் அரிஸோனாவில் உள்ள லோவெல் வானாய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர். 1901ல் ஸ்லைஃபர் பட்டம் வாங்கியதும், இந்தப் பையனைக் கொஞ்ச நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் கூடத்தின் சொந்தக்காரரான பெர்சிவல் லோவெலிடம் சிபாரிசு செய்தார். லோவெலுக்கு அதில் பெரிய இஷ்டம் இல்லை. காக்ஷலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று, தற்காலிகமாக என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார். அந்தத் தற்காலிக வேலை 53 வருஷம் நீடித்தது!

லோவெல் யார் என்று சொல்லாமல் ஸ்லைஃபரைச் சொல்ல முடியாது. பாஸ்டன் நகரத்துப் பெரும் பணக்காரக் குடும்பம். செவ்வாய்க் கிரகத்தில் கால்வாய்கள் இருக்கின்றன, அவற்றை வெட்டியவர்கள் அறிவுள்ள உயிர்கள் என்று நம்பி, அதை நிரூபிக்கவே 1894ல் ஃப்ளாக்ஸ்டாஃப் என்ற ஊரில், கிட்டத்தட்ட நம் கொடைக்கானல் உயரமுள்ள ஒரு குன்றின் மேல் சொந்தக் காசில் வானாய்வுக் கூடம் கட்டியவர். நல்ல பேச்சாளர், எழுத்தாளர். பத்திரிகைகளுக்கு அவர் என்றால் ஒரே கொண்டாட்டம். தொழில்முறை வானியலாளர்களுக்கு அவர் என்றால் ஒரே எரிச்சல். லோவெல் கூடத்திலிருந்து என்ன அறிவிப்பு வந்தாலும் கொஞ்சம் உப்புக் கம்மியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்லைஃபர் நேர் எதிர். கோட்டும் டையும் போட்ட, அதிகம் பேசாத மனிதர். கூட்டங்களுக்குப் போகப் பிடிக்காது. நூறு தடவை சரிபார்க்காமல் ஒரு எண்ணை வெளியே விட மாட்டார். இந்த இரண்டு பேரும் 15 வருஷம் ஒத்துப்போனது ஒரு ஆச்சரியம்தான். லோவெல் பாதி நாள் பாஸ்டனில் இருப்பார். அங்கிருந்து கடிதம் மேல் கடிதம் வரும். கோள்களைப் பற்றி நாலு வரி, தோட்டத்துக் காய்கறிகளைப் பற்றி நாலு வரி. பூசணி காய்த்ததா, பறித்து அனுப்பு என்ற ரகம். வீனஸ் என்று பெயர் வைத்த ஒரு பசுமாடு இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதும் ஸ்லைஃபர் பொறுப்பு. வீனஸ் கிரகத்தின் சுழற்சியை அளப்பதும் அவர் பொறுப்பு.

முதல் வேலை ஸ்பெக்ட்ரோகிராஃபைப் பழகுவது. பிட்ஸ்பர்க் நகரத்து ஜான் பிராஷியர் செய்து 1901ல் வந்து சேர்ந்த புத்தம்புதுக் கருவி. ஸ்லைஃபருக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆரம்பத்தில் நிறமாலைப் படத்தில் எது சிவப்பு முனை, எது நீல முனை என்பதிலேயே குழப்பம். லிக் வானாய்வுக் கூடத்துக்குப் போய் நாலு நாள் கற்றுக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். லோவெல் கூடாது என்றுவிட்டார். லிக்கின் ஆட்கள்தான் அவரை அதிகம் கேலி செய்தவர்கள், அவர்களிடம் போய் நிற்பதா என்ற ரோஷம். வேறு வழியில்லாமல் ஸ்லைஃபர் தானே தட்டுத்தடுமாறிக் கற்றார். அதற்கு ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷத்தில் கருவியின் ஒவ்வொரு திருகாணியும் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. லிக்கில் போய் நாலு நாளில் கற்றிருந்தால் இது கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு நிமிஷம் நம்ம லேபுக்கு வருவோம். பிராக்டிகலில் இருட்டறையில் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைக் குறுக்குக் கம்பியில் பொருத்தி, வெர்னியர் படித்தது ஞாபகம் இருக்கும். ஸ்லைஃபர் செய்ததும் அதே வேலைதான். ஒளி ஒரு மெல்லிய பிளவு வழியே வருகிறது, பட்டகம் அதை நிறங்களாகப் பிரிக்கிறது, தனிமங்களுக்குரிய கோடுகள் அதனதன் இடத்தில் தெரிகின்றன. ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் கோடுகள் நீலத்தின் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்பின் பக்கம். ரயில் வரும்போது ஊதல் கீச்சென்றும் போகும்போது கட்டையாகவும் கேட்கிறதே, அந்த டாப்ளர் விளைவுதான். நம் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்திலேயே 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இதே முறையில்தான் சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

ஆனால் சூரியனுக்கு ஒளிக்குப் பஞ்சமில்லை. நெபுலாவுக்கு?

அதே 1909ல் லோவெலிடமிருந்து ஒரு கட்டளை வந்தது. சுருள் நெபுலாக்களின் நிறமாலையை எடு. அப்போது ஆண்ட்ரோமீடா போன்றவை கேலக்ஸிகள் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நம் பால்வீதிக்கு உள்ளேயே இருக்கும் வாயுச் சுழல்கள், சூரிய குடும்பம் மாதிரி ஏதோ ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது லோவெலின் கட்சி. பால்வீதிக்கு வெளியே தனித்தனித் தீவுகள் போல இருக்கும் நட்சத்திரக் கூட்டங்கள் என்பது இன்னொரு கட்சி. லோவெல் தன் கட்சிக்கு ஆதாரம் தேடித்தான் ஸ்லைஃபரை அனுப்பினார். கிடைத்தது வேறு.

ஸ்லைஃபருக்கு முதலில் நம்பிக்கையே இல்லை. அவரிடம் இருந்தது 24 அங்குல லென்ஸ் டெலஸ்கோப். லிக்கில் 36 அங்குலம் இருந்தது. அவர்களாலேயே முடியாதது நம்மால் எப்படி முடியும்? ஆனால் கருவியோடு மல்லுக்கட்டியவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நட்சத்திரம் ஒரு புள்ளி. அதற்கு டெலஸ்கோப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு லாபம். நெபுலா பரந்து கிடக்கும் மங்கல். அதற்கு டெலஸ்கோப்பின் அளவு முக்கியமே இல்லை, ஸ்பெக்ட்ரோகிராஃபின் பின்னால் இருக்கும் காமிராவின் வேகம்தான் முக்கியம். ஃபிலிம் காமிரா வைத்திருந்த பழைய மாணவர்களுக்கு எஃப் நம்பர் என்றால் சட்டென்று புரியும். எண் சிறிசாகச் சிறிசாக, அதே நேரத்தில் ஃபிலிமில் விழும் வெளிச்சம் அதிகம். ஸ்லைஃபர் மூன்று பட்டகங்களுக்குப் பதில் ஒரே பட்டகம் போதும் என்று முடிவு செய்து, எஃப் 2.5 அளவில் கடையில் வாங்கக்கூடிய ஒரு வேகமான காமிரா லென்ஸை மாட்டினார். நிறமாலை சின்னதாகிவிடும், கோடுகளை அளப்பது கஷ்டம். பரவாயில்லை, முதலில் ஏதாவது விழட்டும்.

1912 செப்டம்பர் 17. ஏறத்தாழ 7 மணி நேரம் ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைப் பிளவில் பிடித்து வைத்திருந்தார். படத்தில் கோடுகள் தெரிந்தன. நவம்பர் 15, 16 இரண்டு இரவுகள் சேர்த்து இன்னொரு படம். டிசம்பர் 3, 4ல் மூன்றாவது. டிசம்பர் 29, 30, 31 என்று மூன்று இரவுகள் தொடர்ந்து நான்காவது. வருஷக் கடைசியில் ஊரெல்லாம் புத்தாண்டு கொண்டாடத் தயாராக, இவர் குன்றின் மேல், கணப்புப் போடாத கூண்டுக்குள், பனிக்குளிரில் ஒரு சின்ன ஒளித்திட்டை விட்டு விலகாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஒரு இரவு முடிந்ததும் தட்டை வெளிச்சம் படாமல் மூடி வைத்து, மறுநாள் அதே இடத்தில் அதே புள்ளியைப் பிடித்துத் திறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் முந்தைய இரவும் சேர்த்து வீண்.

இத்தனைக்கும் கிடைத்த நிறமாலையின் அளவு என்ன? ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலம். வினாடிக்கு 300 கி.மீ. என்பது ஒளி வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக, கோடு நகர்ந்தது அதன் அலைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கண்ணாடித் தட்டின் மேல் பார்த்தால் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. அதை நுண்ணோக்கியில் வைத்து, பக்கத்திலேயே பதித்த உலோகத் தீப்பொறியின் கோடுகளோடு ஒப்பிட்டு அளந்தார். நான்கு தட்டுகளும் தந்த விடைகள்: 284, 296, 308, 301. எல்லாம் நம்மை நோக்கி. ரவுண்டாக 300 என்று 1913ல் கூடத்தின் மெல்லிய புல்லட்டின் ஒன்றில் வெளியிட்டார். பிராக்டிகல் ரெக்கார்டில் நாலு ரீடிங் எடுத்துச் சராசரி போடச் சொல்லி நம்மை ஏன் அப்படிப் படுத்தினார்கள் என்று இப்போது புரிகிறது.

அதுவரை வானத்தில் எந்தப் பொருளுக்கும் அளந்திராத வேகம் அது. சாதாரண நட்சத்திரங்கள் வினாடிக்குச் சில பத்து கி.மீ. போகும், அவ்வளவுதான். இவ்வளவு வேகமா, இது டாப்ளர் விளைவுதானா, வேறு ஏதாவதா என்ற கேள்வி வந்தது. கோடுகளை இப்படி நகர்த்த வேறு காரணம் எதுவும் தெரியவில்லை என்று ஸ்லைஃபர் அமைதியாகச் சொல்லிவிட்டு அடுத்த நெபுலாவுக்குப் போய்விட்டார். பிறகு லிக்கில் ரைட்டும் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் மாக்ஸ் வொல்ஃபும் அளந்து பார்த்தார்கள். ஸ்லைஃபர் சொன்னது சரி.

அடுத்தது கன்னி ராசியில் உள்ள ஸாம்ப்ரேரோ நெபுலா. அது வருவதாக இல்லை, போகிறது. வினாடிக்குச் சுமார் 1,000 கி.மீ. வேகத்தில்! பிறகு ஒவ்வொன்றாக 20 மணி, 30 மணி நேரம் என்று வாரக்கணக்கில் பிடித்தார். 1914 ஆகஸ்டில் எவன்ஸ்டன் நகரில் நடந்த அமெரிக்க வானியலாளர் கூட்டத்தில் 15 நெபுலாக்களின் வேகத்தைப் படித்தார். பெரும்பாலானவை விலகிப் போகின்றன. கூட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆய்வுக் கட்டுரைக்கு எழுந்து நின்று கைதட்டுவது எந்த ஊரிலும் வழக்கமில்லை. லோவெல் கூடத்தை ஏளனம் செய்தவர்களும் அன்று எழுந்தார்கள். அந்தக் கூட்டத்தில் எட்வின் ஹப்பிள் என்ற 24 வயது இளைஞரும் இருந்தார்.

வேகம் மட்டுமில்லை. அதே 1914ல் இன்னொன்றையும் அறிவித்தார். ஸாம்ப்ரேரோவின் நீள்வாக்கில் பிளவை வைத்தபோது நிறமாலைக் கோடுகள் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தன. ஒரு முனை நம்மை நோக்கியும் மறுமுனை விலகியும் போனால்தான் அப்படிச் சாயும். அதாவது நெபுலா சுற்றுகிறது. ஆண்ட்ரோமீடாவிலும் அதே சாய்வு. சுற்றும் வேகம் தெரிந்தால் உள்ளே எவ்வளவு நிறை இருக்கிறது என்று நியூட்டன் விதியைப் போட்டுக் கணக்கிட்டுவிடலாம். ஒரு கேலக்ஸியைத் தராசில் வைத்து எடை போடும் வித்தை அங்கேதான் ஆரம்பித்தது.

1917ல் 25 சுருள்களின் பட்டியல் வந்தது. 21 விலகுகின்றன, 4 நெருங்குகின்றன. இந்த நாலு எவை என்று பாருங்கள், அதில்தான் சூட்சுமம். ஆண்ட்ரோமீடா, அதை ஒட்டியே இருக்கும் எம் 32, கொஞ்சம் தள்ளி எம் 33, நாலாவது எம் 81. எல்லாம் அக்கம்பக்கம். தூரத்தில் இருப்பதெல்லாம் பிரபஞ்சம் விரிகிற வேகத்தில் ஓடுகிறது. பக்கத்தில் இருப்பவற்றை ஈர்ப்பு விசை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. இது நமக்கு இன்று தெரியும். ஸ்லைஃபருக்கு அன்று தெரியாது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எது பக்கம் எது தூரம் என்று சொல்ல வழியே இல்லை. ஆனாலும் அவர் சும்மா பட்டியல் போட்டுவிட்டு விடவில்லை. இந்த வேகங்களை மொத்தமாகப் பார்த்தால் நம் பால்வீதியே வினாடிக்கு 700 கி.மீ. போல நகர்கிறது என்று கணக்கிட்டார். நாமும் இன்னொரு சுருளில் உட்கார்ந்துகொண்டுதான் மற்றச் சுருள்களைப் பார்க்கிறோம் என்று எழுதினார். எண் பின்னால் மாறிவிட்டது. எண்ணம் மாறவில்லை. முதலாளியின் கட்சிக்கு எதிரான முடிவு அது என்பதையும் சொல்ல வேண்டும். லோவெல் அப்போது உயிரோடு இல்லை. 1916 நவம்பரில் காலமாகிவிட்டார்.

எதிர்ப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. மவுண்ட் வில்சன் கூடத்தில் ஆட்ரியான் வான் மானன் என்பவர், சில வருஷ இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, சுருள்கள் சுற்றுவது படத்திலேயே தெரிகிறது என்று 1916 முதல் அறிவித்து வந்தார். இது உண்மையானால் சுருள்கள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். தூரத்தில் இருந்தால் அவ்வளவு நகர்வுக்கு ஒளியை மிஞ்சும் வேகம் வேண்டும். மேலும் அவர் சொன்ன சுழற்சித் திசை ஸ்லைஃபர் சொன்னதற்கு நேர் எதிர். 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில் ஹார்லோ ஷாப்லி வான் மானனைப் பிடித்துக்கொண்டார், ஹீபர் கர்ட்டிஸ் ஸ்லைஃபரின் வேகங்களைப் பிடித்துக்கொண்டார். விஷயம் தீர்ந்தது 1925 தொடக்கத்தில். ஆண்ட்ரோமீடாவில் துடிக்கும் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து ஹப்பிள் அதன் தூரத்தைச் சொன்னார். அது பால்வீதிக்கு வெளியேதான். வான் மானன் அளந்தது பிழை. ஒரே வகைக் கண்ணாடித் தட்டுகள், இரண்டு பேருமே நேர்மையான ஆட்கள், ஒருவர் எண் நின்றது, இன்னொருவர் எண் கரைந்தது.

இனி எல்லோரும் ஸ்லைஃபருக்காக வருத்தப்படும் இடத்துக்கு வருகிறோம். 1920களின் தொடக்கத்துக்குள் 41 சுருள்களின் வேகம் சேர்ந்துவிட்டது. எடிங்டன் 1923ல் தன் சார்பியல் புத்தகத்தில் ஸ்லைஃபரிடம் கேட்டு வாங்கிய பட்டியலை அச்சிட்டார். 1927ல் லெமேத்ர் பிரபஞ்சம் விரிகிறது என்று எழுதியபோது கையில் வைத்திருந்த வேகங்களில் பெரும்பாலானவை இவருடையவை. 1929ல் ஹப்பிள் தன் பிரசித்தி பெற்ற கட்டுரையில் தூரத்தை ஒரு அச்சிலும் வேகத்தை மறு அச்சிலும் போட்டு வரைபடம் வரைந்தார். தூரங்கள் அவருடையவை. வேகங்களில் பெரும்பகுதி ஸ்லைஃபருடையவை. கட்டுரையில் அந்த வேகங்களுக்கு ஸ்லைஃபர் பெயர் இல்லை. பின்னால் ஹப்பிள் தன் புத்தகத்தில் நன்றாகவே குறிப்பிட்டார். 1953ல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு சொற்பொழிவுக்காக அந்த முதல் தட்டுகளைப் பற்றிக் கேட்டு ஸ்லைஃபருக்கே கடிதம் எழுதி, முதல் அடி எடுத்து வைத்தது நீங்கள்தான் என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். அதற்குள் ஊருக்கு ஒரு பெயர்தான் மனப்பாடமாகியிருந்தது. 2018ல் உலக வானியலாளர் சங்கம் அந்த விதிக்கு ஹப்பிள்-லெமேத்ர் விதி என்று பெயர் மாற்றியது. அப்போதும் ஸ்லைஃபர் பெயர் சேரவில்லை.

இதில் ஹப்பிளை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்லைஃபர் தன் முடிவுகளைப் பாதி நாள் சொந்தக் கூடத்துப் புல்லட்டினில், பாதி நாள் கடிதத்தில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். விளம்பரத்துக்குப் பெயர்போன ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தவருக்கு, விளம்பரம் என்றாலே ஒரு கூச்சம் வந்திருக்கலாம். இன்னொன்று, தூரம் இல்லாமல் வேகம் மட்டும் இருந்தால் அது பாதிக் கணக்கு. அந்த மறு பாதிக்கு மவுண்ட் வில்சனின் 100 அங்குல டெலஸ்கோப் வேண்டியிருந்தது. 1921ல் வினாடிக்கு 1,800 கி.மீ. போகும் ஒரு நெபுலாவைப் பிடித்ததோடு ஸ்லைஃபரின் 24 அங்குலம் தன் எல்லைக்கு வந்துவிட்டது. போதாததற்கு லோவெலின் விதவை உயில் மேல் வழக்குப் போட்டார். அது பத்து வருஷம் போல இழுத்துக் கூடத்தின் பணத்தைக் கரைத்தது. புதுக் கருவிக்கு எங்கே போவது?

அந்தக் கஷ்டகாலத்தில் கூடத்தை மூடாமல் காப்பாற்றியது ஸ்லைஃபர்தான். 1916ல் பொறுப்பு இயக்குநர், 1926ல் நிரந்தர இயக்குநர். லோவெல் தேடிக் கிடைக்காத ஒன்பதாவது கோளைத் தேடும் வேலையை மீண்டும் தொடங்கி, அதற்கென்று 1929ல் கான்ஸாஸ் மாநிலத்துப் பண்ணைப் பையன் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். கல்லூரிப் பட்டம்கூட இல்லாத அந்தப் பையன்தான் கிளைடு டாம்பா. 1930 பிப்ரவரி 18ல் ப்ளூட்டோ கிடைத்தது. உடனே சொல்லிவிட எல்லோருக்கும் துடிப்பு. ஸ்லைஃபர் விடவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, மார்ச் 13 அன்று, லோவெலின் பிறந்தநாளாகப் பார்த்து அறிவித்தார். ப்ளூட்டோ 2006ல் கோள் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது, அது வேறு கதை.

கார்த்திகைக் கூட்டத்தை, அதுதான் நம் அறுமீனை, சூழ்ந்திருக்கும் நெபுலா தானாக ஒளிரவில்லை, நட்சத்திர ஒளியைத் தூசு பிரதிபலிக்கிறது என்று 1912 டிசம்பரில் கண்டதும் இவரே. ஆண்ட்ரோமீடாவைக் காவல் காத்த அதே மாதம்! பிரான்ஸ் அகாடமியின் லலாண்ட் பரிசு 1919ல், அமெரிக்க அகாடமியின் டிரேப்பர் பதக்கம் 1932ல், லண்டன் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் 1933ல், புரூஸ் பதக்கம் 1935ல் கிடைத்தன. ஊருக்குள் அவர் வேறு ஆள். நிலபுலன், ஃபர்னிச்சர் கடை என்று வியாபாரம் பார்த்தார், பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் இருந்து ஊருக்கு உயர்நிலைப் பள்ளி வர உழைத்தார். தம்பி ஏர்ல் ஸ்லைஃபரும் அதே கூடத்தில் கோள்களைப் படமெடுத்தவர், ஃப்ளாக்ஸ்டாஃபின் மேயராகவும் இருந்தார். வெஸ்டோ 1954ல் ஓய்வு பெற்றார். 1969 நவம்பர் 8ல், 94 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது அதே ஊரில் காலமானார். மனிதன் சந்திரனில் கால் வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அவர் அளந்த 300 என்ன ஆயிற்று? நம் சூரியனே பால்வீதியின் மையத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஆண்ட்ரோமீடா இருக்கும் திசையில் அந்த ஓட்டத்தின் பங்கைக் கழித்துவிட்டால், இரண்டு கேலக்ஸிகளும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் வினாடிக்குச் சுமார் 110 கி.மீ. 1959ல் கானும் வோல்ட்யரும் இந்த நெருக்கத்தை வைத்து ஒரு கேள்வி கேட்டார்கள். விரியும் பிரபஞ்சத்தில் முதலில் விலகிப் போயிருக்க வேண்டிய இரண்டும், இவ்வளவு காலத்துக்குள் திரும்பி இந்த வேகத்தில் வர வேண்டுமென்றால் இழுக்கும் நிறை எவ்வளவு? ஒரு லட்சம் கோடிச் சூரியன்களுக்கும் மேல் என்று வந்தது. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் அந்த எண்ணுக்குப் போதவே போதாது. 1970ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடாவின் சுழற்சியை விளிம்புவரை அளந்தபோது, வெளியே போகப் போகச் சுற்றும் வேகம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அந்த அளவீடுகளில் ஒரு பகுதி ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கத்தில் லோவெல் கூடத்தின் டெலஸ்கோப்பில்தான் எடுக்கப்பட்டது. இருண்ட பொருள் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்களே, அதன் ஆரம்பப் புள்ளிகள் இவை.

டாப்ளர் முறைக்கு ஒரு குறை உண்டு. வருவது, போவது தெரியும், பக்கவாட்டில் நகர்வது தெரியாது. வான் மானன் பிடிக்கப் பார்த்துத் தோற்றது அந்தப் பக்கவாட்டு நகர்வைத்தான். 2005ல் எம் 33க்கு ரேடியோ டெலஸ்கோப்புகளின் கூட்டணியும், 2012ல் ஆண்ட்ரோமீடாவுக்கு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியும் அதை அளந்துவிட்டன. ஆண்ட்ரோமீடாவின் பக்கவாட்டு வேகம் மிகக் குறைவு. ஆகவே சுமார் 400 கோடி ஆண்டுகளில் நேருக்கு நேர் மோதல் நிச்சயம் என்று 2012ல் அறிவித்தார்கள். 2025ல் வந்த கணக்கு அவ்வளவு நிச்சயமில்லை என்கிறது. எம் 33ன் இழுப்பையும், நம் தென்வானத்து மாகெல்லன் மேகத்தின் இழுப்பையும், அளவீடுகளில் உள்ள பிழை வரம்பையும் முழுசாகச் சேர்த்துப் பார்த்தால் அடுத்த 1,000 கோடி ஆண்டுக்குள் இரண்டும் ஒன்று சேரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. நாணயத்தைச் சுண்டிப் போட்ட மாதிரி.

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் எப்படியும் ஒரு தடவை குடும்பத்தோடு கிராண்ட் கான்யன் போவீர்கள். ஃப்ளாக்ஸ்டாஃப் அந்த வழியில்தான் இருக்கிறது. குன்றின் மேல் அந்த 24 அங்குல டெலஸ்கோப்பைப் புதுப்பித்து வைத்து, இரவில் பொதுமக்களையும் அதன் வழியாகப் பார்க்க விடுகிறார்கள். போனால் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போங்கள், கோடைக்காலத்திலும் ராத்திரியில் குளிரும்.